சிட்டுவின் அப்பா

பள்ளிக்கூடம் என்று பேர் பெற்றிருந்தது ஒரே ஒரு தகரக் கொட்டகைதான். அதற்குப் பக்கத்தில் இன்னோர் அறை கட்டித் தருவதா, இருப்பதையும் மூடிவிடுவதா என்று பார்த்துப் போக, பணம் அனுப்பும் தமிழ்ச் சபையிலிருந்து போதகரம்மாவும் பொருளாளரும் கடல் கடந்து வந்திருந்தார்கள். ஊழியத்துக்கென்று இந்த ஏழை நாட்டுக்கு வந்து வருஷக்கணக்காகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் காலையிலிருந்து கொட்டகையை மூன்று தரம் பெருக்கிவிட்டாள்.

"ஜீப் குலுக்கின குலுக்கல்ல எலும்பெல்லாம் இடம் மாறிப் போச்சும்மா," என்று பொருளாளர் பெஞ்சில் சரிந்தார். "சட்டுபுட்டுனு ஆரம்பிங்க."

குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு விசாரிப்பதாக ஏற்பாடு. முதலில் வந்தவர்கள் சிட்டுவும் அவள் அம்மாவும். சிட்டு என்பது டீச்சர் வைத்த செல்லப் பெயர். பள்ளி விட்டாலும் வீட்டுக்குப் போகாமல் டீச்சரின் அடுப்படியிலேயே வளையவரும் வாயாடி. அம்மா நாலு வீட்டுத் துணி துவைப்பவள். அவள் பேசும் மொழி வந்தவர்களுக்குத் தெரியாது. டீச்சர்தான் நடுவில் நின்று தமிழில் சொல்ல வேண்டும்.

"இங்க வந்த பிறகு பிள்ளைகிட்ட என்ன மாற்றம்னு கேளும்மா," என்றார் போதகரம்மா.

டீச்சர் கேட்டாள். அம்மா தன் மொழியில் தயங்காமல் சொன்னாள்: "இவ அப்பா லாரி ஓட்டறார். எழுத்தெல்லாம் அவரே சொல்லிக்குடுத்துட்டார். டீச்சர் கணக்கு நல்லா சொல்லித் தர்றாங்க. ஆனா எல்லா வகுப்பும் ஒரே கொட்டகையில கத்துனா பிள்ளைங்க காதுல என்ன விழும்? இன்னொரு அறை கட்டச் சொல்லுங்க."

நியாயமான பேச்சுதான். ஆனால் இதைக் கேட்டு யார் மனசு இளகும்? போதகரம்மா கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார். டீச்சரின் நாக்கு புரண்டது.

"அப்பா இல்லாத பிள்ளைம்மா. குடிச்சே செத்துப் போயிட்டாராம். ஒரு எழுத்துத் தெரியாம வந்தா. இந்தப் பள்ளிக்கூடம் இல்லைன்னா நடுத்தெருவுல நின்னிருப்போம்னு அழறாங்க."

அம்மா அழவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. போதகரம்மா சிட்டுவை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஆண்டவரே, தகப்பனில்லாப் பிள்ளைக்கு நீரே தகப்பன்," என்று கண்ணைத் துடைத்தார்.

டீச்சர் அடுப்படியில் பாடிய பாட்டு, தனக்குத்தானே பேசிய பேச்சு, புகைகிற அடுப்பைத் திட்டிய திட்டு, எல்லாவற்றிலிருந்தும் தமிழைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள் சிட்டு. டீச்சருக்கு அதில் தனிப் பெருமை. அந்த நேரம் பார்த்து அது நினைவில் இல்லாமல் போயிற்று.

சிட்டு அணைப்பை விலக்கிக்கொண்டு டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல, டீச்சர் தமிழில் சொன்னதை ஒன்று விடாமல் தங்கள் மொழியில் சொல்லிவிட்டாள்.

அம்மா கத்தியிருந்தால் தேவலை. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அவர் செத்தாத்தான் அறை கட்டுவாங்களா டீச்சர்? அவங்ககிட்டயே கேளுங்க."

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் போதகரம்மா.

சிட்டு வாயைத் திறந்தாள். டீச்சர் அவள் தோளைத் தொட்டாள். தோள் சுருங்கி விலகியது. அதற்குமேல் பொய் சொல்ல டீச்சருக்குத் தெம்பில்லை. தரையைப் பார்த்தபடியே, அம்மா முதலில் சொன்னதையும் இப்போது கேட்டதையும் உள்ளது உள்ளபடி தமிழில் சொன்னாள்.

பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இத்தனை வருஷமா நீங்க எழுதி அனுப்பி, நாங்க சபையில வாசிச்சு அழுதோமே... அந்தப் பிள்ளைங்களோட அப்பாமாருங்க?"

வாசலில் அடுத்த குடும்பம் காத்திருந்தது. மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த மனிதர், உள்ளே குரல் உயர்ந்ததும் தம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, எழுந்து சிரித்தார்.

"இருக்காங்க ஐயா," என்றாள் டீச்சர். "நிறையப் பேர் இருக்காங்க."