கோவிந்தன் படத்திறப்புக்குப் போட்ட கேசட்

படத்திறப்பு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. காலையில் கருமாதி முடிந்துவிடும். சாயங்காலம் வெயில் தணிந்ததும் தெருவை அடைத்துப் பந்தல், நாற்காலி, மாலை போட்ட படம். யாராவது பெரிய மனுஷன் படத்துமேல் இருக்கிற துணியை விலக்குவார், நாலு பேர் பேசுவார்கள், மௌன அஞ்சலி நடக்கும், அதற்கப்புறம் நான் கேசட் போடுவேன். என்ன கேசட் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கை நிலையில்லை என்கிற பாட்டு, தகப்பன் பாசம், தாய்ப் பாசம், எல்லாம் வரிசையாக என் டப்பாவில் இருக்கிறது. அழ வேண்டியவர்கள் அழுவார்கள், சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் காத்திருப்பார்கள். பருத்திப்பட்டில் மைக் செட் வேம்புலி என்றால் திருமுல்லைவாயில் வரைக்கும் தெரியும். என் தொழிலை எவனும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, தொண்ணூற்றெட்டில் கோவிந்தன் அண்ணன் மகன் வந்து நிற்கும்வரைக்கும்.

கோவிந்தன் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினவர். தகட்டை வைப்பார், காலால் பெடலை மிதிப்பார், மேலிருந்து இரும்பு இறங்கும், தகடு வளைந்து விழும். அடுத்த தகடு. ஆயுசு முழுக்க அதுதான். காது பாதி போய்விட்டது. உன்னோடு பேச வேண்டுமென்றால் வாடகைக்கு மைக் எடுக்க வேண்டும் என்று நானே கிண்டல் பண்ணுவேன், அதுவும் அவருக்குச் சரியாகக் கேட்காது. மார்வலி என்று படுத்தவர் விடிந்தபோது இல்லை.

அவருக்கு ஒரே மகன் மனோகரன். அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர் மிஷினுக்குப் புரோகிராம் எழுதுகிற வேலை. நாலு காசு வந்ததும் கல்யாணம் பண்ணுவான் என்று பார்த்தால், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கீபோர்டும் வாங்கி மாடி ரூமில் வைத்துக்கொண்டான். ஆவடியில் ராணுவ பேண்டில் இருந்து ரிட்டையர் ஆன ஒருவரிடம் இசையை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். வயலின் கூட்டம், எக்காளம், பெரிய முரசு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்றான். வெளிநாட்டில் யாரோ எப்போதோ வாசித்த ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து வைத்திருக்கிறார்களாம். இவன் கட்டையைத் தட்டினால் அந்தச் சத்தம் வருமாம். ஒரு மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கிறதை இவன் ஒருத்தனே செய்துவிடலாமாம். எனக்கே காது குத்துகிறான் என்று நினைத்துப் போய்க் கேட்டேன். வயலின் வயலின் மாதிரியேதான் இருந்தது. பாட்டுதான் எப்போது வரும் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

எல்லோரும் அப்படித்தான் எழுந்து வந்தார்கள். அவன் மனசில் இருந்த பெரிய குறையே அதுதான். ஒருத்தராவது கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நன்றாக இல்லை என்று திட்டினாலும் பரவாயில்லை என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் அண்ணனே ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதியில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "ஆளே இல்லாம இன்னாடா மேளம்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அவரையே வைத்து, அவர் ஓட்டுகிற பிரஸ்ஸை வைத்து ஒன்று செய்யப்போகிறேன் என்றான். அதை முடிப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படத்திறப்பு அன்றைக்குக் காலையில், கருமாதி முடிந்த கையோடு, அதை முடித்துப் பதிந்த கேசட்டோடு கடைக்கு வந்தான். வழக்கமான பாட்டு வேண்டாம், இதைத்தான் போட வேண்டும் என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெருவே சிரிக்கும், உன்னைத் திட்டமாட்டார்கள், மைக் செட்காரனைத்தான் திட்டுவார்கள், போய் உங்கம்மாவைக் கேள் என்று கத்திவிட்டு நானும் கூடவே போனேன்.

அங்கம்மா அக்கா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முட்டி வலிக்காரி, உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். மகன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"உங்க நைனாவே பாதியில எழுந்து பூட்டாரு. ஊரா ஒக்காந்து கேக்கப் போவுது? படத்துக்கு மின்னாடி ஒருத்தன் எழுந்து போனாலும் அது அவருக்கு அசிங்கம்டா."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. படத்திறப்பில் பாதியில் எழுந்து போகிறவன் செத்தவனோடு பகை வைத்திருக்கிறான் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். வானகரத்தில் ஒருத்தன் பீடி குடிக்க எழுந்து போய், அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கு வரைக்கும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் மனோகரன் விடவில்லை. நைனா ஓட்டின பிரஸ் சத்தம் இதில் இருக்கிறது, இது அவருடையது, அவர் படத்துக்கு முன்னால் போடாமல் வேறெங்கே போடுவேன் என்று அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான். அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"போடு. ஆனா ஒருத்தர் எழுந்தாலும் வேம்புலி நிறுத்திடணும். அத்தோட அந்தப் பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுடு. இனிமே அத்த நீ தொடக் கூடாது."

அவன் யோசிக்கவேயில்லை, சரிம்மா என்றுவிட்டான். எனக்கு வயிற்றெரிச்சல். இப்படியெல்லாமா வாக்குக் கொடுப்பான் ஒருத்தன் என்று வெளியே வந்து திட்டினேன். நைனாவுக்காகக்கூட யாரும் உட்கார மாட்டார்கள் என்றால் நான் யாருக்காகச் செய்கிறேன் அண்ணே என்று கேட்டான்.

சாயங்காலம் பந்தல் நிறைந்துவிட்டது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கம்பெனி ஆட்கள். சங்கச் செயலாளர் கோதண்டம்தான் படத்தைத் திறந்தார். அவருக்கு மைக் கிடைத்தால் பிடுங்கத்தான் வேண்டும், அவ்வளவு பேசுவார். அன்றைக்குக் குரல் தழுதழுத்தது. அவர்கள் கம்பெனியில் ஒரு தொழிலாளி செத்தால், மறுநாள் ஷிப்டில் அவன் ஓட்டின மிஷினை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, எல்லோரும் அவரவர் இடத்தில் எழுந்து நிற்பார்கள். கோவிந்தனுடைய பிரஸ்ஸை நிறுத்தினபோது ஷெட்டே ஊமையாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மௌன அஞ்சலிக்கு எழச் சொல்ல வேண்டியது அவர் வேலை. அதை மறந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை, எனக்குக் கேசட் கவலை. மறைந்தவருடைய மகன் மனோகரன் அமைத்த இசை என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

அடிக்குரலில் வயலின்கள் மெதுவாக ஆரம்பித்தன. முதல் வரிசைக்காரர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் குசுகுசு கேட்டது, யார் பாடப் போகிறார்கள் என்று. டீக்கடை பால்ராஜ் என் பக்கம் சாய்ந்து, கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டேனா என்று கேட்டான். நான் பார்த்த பார்வையில் நேராக உட்கார்ந்துகொண்டான். நான் இசையைக் கேட்கவேயில்லை, நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது காலை மாற்றிப் போட்டால் எழப்போகிறானா என்று அவனையே பார்த்தேன். ஒருத்தன் பீடிக்கட்டைக் கையில் எடுத்தான். அவனை முறைத்தேன், மறுபடியும் பையில் போட்டுக்கொண்டான். காலையில் இந்தக் கேசட்டே வேண்டாம் என்று கத்தினவன், சாயங்காலம் அதற்கு வாட்ச்மேன் ஆகிவிட்டேன்.

அப்புறம் அந்த அடி வந்தது. முரசில் கனமாக ஒன்று, உடனே இரும்பு உரசுகிற மாதிரி ஒன்று, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் கனமாக ஒன்று. கம்பெனி ஆட்கள் தலையைத் தூக்கினார்கள். கோதண்டத்தின் வலது கால் ஒவ்வொரு அடிக்கும் தரையை அழுத்தியது. பக்கத்தில் இருந்தவர்கள் காலும் அப்படித்தான், அவர்களுக்கே தெரியாமல். அந்த அடிக்கு மேலே வயலின் எல்லாம் ஏறிக்கொண்டே போனது, எக்காளங்கள் சேர்ந்துகொண்டன. என் பெட்டிகள் அதிர்ந்தன. இதற்குமேல் போனால் ஸ்பீக்கர் கிழியும் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டு போனேன். அடி நின்றது. எல்லாமே ஒரே வெட்டாக நின்றுவிட்டது.

கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கேசட்டும் சுற்றியது. நடுவில் ஒரு இடத்தில் நிற்கும், கை வைக்காதே என்று மனோகரன் சொல்லியிருந்தான். இவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லவில்லை. பெட்டியில் சத்தம் வராமல் இருப்பதைவிட மைக் செட்காரனுக்கு வேறு பெரிய அவமானம் கிடையாது, எனக்குக் கை பரபரத்தது.

முன்னால் ஒரு நாற்காலி தரையில் உரசியது. கோதண்டம் எழுந்துவிட்டார். அவர் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். கம்பெனி ஆட்கள் மொத்தமும் எழுந்தார்கள், பின்னாலேயே தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், பெண்கள். பந்தல் முழுக்க நாற்காலி உரசுகிற சத்தம்.

மனோகரன் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து, நிறுத்து என்று கையைக் காட்டினான். வாக்குக் கொடுத்துவிட்டானாம், முட்டாள். என் விரல் பட்டன் மேல் இருந்தது. அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்தேன். யாரும் ஒரு அடி நகரவில்லை. தலையைக் குனிந்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோதண்டம் கண்ணை மூடியிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோவிந்தனின் பிரஸ் நின்றது, அவர்கள் எழுந்தார்கள். மற்றவர்கள் கோதண்டத்தைப் பார்த்து மௌன அஞ்சலி என்று எழுந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. விரலை எடுத்தேன். படத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அங்கம்மா அக்காவும் குத்துவிளக்கு வைத்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஒரே ஒரு வயலின், இழை மாதிரி, மறுபடியும் ஆரம்பித்தது. யாரும் உட்காரவில்லை. உட்காரலாம் என்று சொல்ல வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், வேறு யார் சொல்வது? ஒரு வயலினோடு இன்னொன்று சேர்ந்தது, அப்புறம் நிறைய. முரசு மட்டும் திரும்பி வரவேயில்லை. எல்லோரும் நின்றுகொண்டே கேட்டார்கள். கம்பெனி ஆள் ஒருத்தன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானும் கடைசிவரைக்கும் கேட்டேன்.

இசை முடிந்து கேசட் வெறுமனே இரைந்தது. அப்போதும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். நான் மைக்கை எடுத்து, எல்லோரும் உட்காரலாம் என்றேன். உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் படத்துக்கு முன்னால் கை தட்டுவது வழக்கமில்லை, யாரும் தட்டவில்லை. பந்தி நடந்தபோது ஒருத்தர், எந்த ஊர் பேண்டு, அவர்களெல்லாம் சாப்பிட்டார்களா என்று கேட்டார். ஒரு அம்மா, எல்லாம் சரி, நடுவில் ஒரு பாட்டு வைத்திருக்கலாம் என்றாள். கால் கடுத்துவிட்டது என்று பால்ராஜ் முனகினான். மௌன அஞ்சலி யார் சொன்னது, நான் சொன்ன மாதிரி ஞாபகமே இல்லையே என்று கோதண்டம் என்னிடம் வந்து கேட்டார். நீதான் முதலில் எழுந்தாய் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

கூட்டம் கரைந்ததும் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மனோகரன் மாடியிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தான். பரண் வீட்டுக்குள் கீழேதான் இருந்தது. அங்கம்மா அக்கா வாசலில் வழிமறித்தாள்.

"எங்கடா தூக்கினு போறே?"

"நீ சொன்னதுதாம்மா. எல்லாரும் எழுந்துட்டாங்களே."

"எழுந்தாங்க. எவனாவது போனானா?"

அவன், மௌன அஞ்சலி என்று தப்பாக நினைத்துத்தான் எழுந்தார்கள் என்றான். பொய் சொல்ல வராது அவனுக்கு. கல்யாணமான புதிதில் கம்பெனி வாசலுக்குத் தினமும் சோறு கொண்டு போனவள் அக்கா, ஷெட்டிலிருந்து வரும் அந்த அடி அவளுக்கும் தெரியும்.

"உங்க நைனா மிஷினு நின்னுபோச்சி. எப்புட்றா ஒக்கார்றது?"

அவன் பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை. அழுது முடிக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, வயரைச் சுருட்டாதே, கேசட்டை இன்னொரு தபா போடு என்றாள். இந்தத் தபா உட்கார்ந்துதான் கேட்பாளாம், முட்டி விண் விண்ணென்று வலிக்கிறதாம்.

படத்துக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டேன். அக்கா உட்கார்ந்தாள், மனோகரன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சத்தத்தை வீட்டளவுக்குக் குறைத்து வைத்தேன். அடி வந்தது, வயலின் ஏறியது, பிரஸ் நின்றது. அங்கம்மா அக்கா மகன் தோளை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.