லிஃப்ட் உட்கார்ந்த மூன்று ஆட்டங்கள்

மார்ச் 4, புதன். ஒரு சிறு பிழையை ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி 9 பதிவில், பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்துபவள் மட்டையைத் தாமதமாக வைத்தாள் என்று எழுதியிருக்கிறேன். கைப்பேசியில் அந்த ஆட்டத்தை இன்று நான்கு முறை பார்த்தேன். மட்டை நேரத்துக்குத்தான் வந்தது. பந்துதான் ஒரு முழம் கோணலாக வந்தது. கோட்டிலிருந்து தள்ளியவள் நான்.

எழுதி முடித்து, ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி அடித்தாள்.

மாலைக் கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணியில் அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர். பகலில் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்குபவள். அதே ஒழுங்கோடு, ஆட்டத்தில் யார் எந்த நிமிடம் எதைக் கோட்டை விட்டார்கள் என்று குறித்து வைப்பாள். பழைய பயிற்சியாளர் திங்கள்தோறும் அதை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்து அர்ச்சனை நடத்துவார். பிப்ரவரி 9-இன் அந்த ஒரு வரியால், பந்தை நிறுத்தும் லிஃப்ட் மூன்று ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தாள். மின்தூக்கி பழுதுபார்க்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

போன வாரம் பழையவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்த அம்மாள் ஒருமுறைகூடக் கத்தாமல் முதல் நாளே எல்லோருக்கும் கிலியூட்டினார். “நீங்க கொஞ்சம் முன்னாடி வந்து நில்லுங்க” என்றார். பெரியவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தாள்.

“நம்மளையாடி சொல்றாங்க?”

“பின்ன, கோல் கம்பத்தையா?” என்றாள் லிஃப்ட். “எனக்கே திடீர்னு பத்து வயசு கூடின மாதிரி இருக்கு.”

சனிக்கிழமை ஆட்டம். பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்க, அவளுடைய குறிப்பேட்டை இன்று வகுப்புக்கு முன் கொண்டுவரச் சொல்லியிருந்தார் புதியவர். அப்படியே கொடுத்தால் லிஃப்டுக்கு நான்காவது ஆட்டமும் பெஞ்சுதான். உண்மையைச் சொன்னால் நோட்டின் இடம் காலி.

மட்டைகள் சாத்திய அறையில், ஈர முழங்கால் பட்டைகளின் வாடைக்கு நடுவே புதியவர் பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டு இன்றைய பக்கத்தை விரித்துக் கொடுத்தாள். அவர் படித்தார்.

“இதை எதுக்கு என்கிட்ட காட்டுறீங்க?”

“நீங்கதானே மேடம் கேட்டீங்க?”

“பெஞ்சுல உக்காந்தது நானா?”

லிஃப்ட் வாசல் படியில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நோட்டு போய் நின்றாள். மனப்பாடம் செய்திருந்த நான்கு வாக்கியங்களில் மூன்று காற்றில் போயின.

“அன்னைக்கு நீ லேட் இல்லடி. நான்தான் கோணலா தள்ளிட்டேன்.”

லிஃப்ட் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“மூணு ஆட்டம். தண்ணி பாட்டில் ரொப்பி ரொப்பி எனக்குக் கை பழகிடுச்சு. ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“கேக்கத் தோணலை.”

“எழுத மட்டும் தோணுச்சு.”

புதியவரும் துணியோடு வாசலுக்கு வந்திருந்தார்.

“என்னை வெளியில உக்கார வைங்க மேடம்” என்றாள் நோட்டு.

“அதை நான் முடிவு பண்ண முடியாது. நிறுத்துறவங்களுக்குத்தான் தெரியும், யார் தள்ளினா சரிவரும்னு.” லிஃப்டைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க.”

இரண்டு வருடத்தில் இந்த மைதானத்தில் யாரும் லிஃப்டை எதையும் கேட்டதில்லை. தலையைச் சொறிந்தாள், கூரை ஓட்டின் விரிசல்களை எண்ணினாள்.

“நாளைக்கு அறுபது பந்து தள்ளட்டும் மேடம். நான் நிறுத்துறேன். அம்பது நேரா வந்தா இவ. இல்லைன்னா பெஞ்சுல இருக்கிற கோல்கீப்பரோட தங்கச்சி தள்ளட்டும்.”

“சரி, அப்படியே வச்சுக்கலாம்” என்றார் புதியவர்.

லிஃப்ட் எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டினாள். “காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க, மேடம்” என்றாள் நோட்டிடம். அந்த ‘ங்க’ சுருக்கென்று தைத்தது. பழைய ‘டி’யை எப்போது திரும்பக் கொடுப்பாள் என்று கேட்க நோட்டுக்குத் துணிவில்லை.

மார்ச் 5, வியாழன், காலை 6 மணி: அறுபது பந்து தள்ள வேண்டும். எத்தனை நேர் என்பதை லிஃப்ட் எண்ணுவாள்.