பிடித்து வைத்த இடம்

லண்டன் நாடகக் கொட்டகையில் திரை தூக்குவது பிற்பகல் மூன்று மணிக்கு. வேலைக்காரன் மட்டும் பன்னிரண்டுக்கே போய் எஜமானியின் இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். சீமாட்டிகள் முதல் அங்கம் முடியப்போகும்போது சாவகாசமாக வருவார்கள். உடனே எழுந்து வெளியேற வேண்டும். கடைசி அங்கத்துக்கு மட்டும் வேலைக்காரர்களைக் காசில்லாமல் மேல்மாடத்தில் நிற்க விடுவார்கள். அதனால் மூன்று நாள் போயும் டைட்டஸ் அந்த நாடகத்தின் தலையையும் வாலையும்தான் பார்த்திருந்தான்.

தலையில், முதல் அங்கம் முடியும் இடத்தில், கல்யாணம். கரும்புத் தோட்டத்து அடிமைகளான கறுப்புத் தளபதியும் அவன் காதலியும், ஒருவர் விலங்கை மற்றவர் விலங்கோடு பூட்டிக்கொள்வார்கள். வாலில் சாவு. இருவரும் ஒரே கோப்பையில் விஷம் குடிப்பார்கள். தளபதி வேஷக்காரன் வெள்ளைக்காரன்தான். முகத்தில் பூசிய கரி, அழுதால் கோடு கோடாக வழியும்.

"நடுவுல என்னதான் நடக்குது?" என்று டார்க்கஸ் கேட்டாள். வெதர்பி சீமாட்டிக்குத் தலைவாரி விடுகிறவள் அவள். இருவரையுமே பார்படோஸ் தீவிலிருந்து சாமான்களோடு சாமானாகச் சீமாட்டி கொண்டுவந்திருந்தாள்.

"கலகம் பண்றாங்களாம். நான் பாத்ததில்ல."

"ஜெயிக்கிறாங்களா?"

"ஜெயிச்சா ஏன் விஷம் குடிக்கிறாங்க?"

டைட்டஸின் மனசு கலகத்தில் இல்லை. சீமாட்டியின் கைக்குட்டையில் இருந்தது. விலங்குக் கல்யாணத்தைப் பார்த்து அவள் மூன்று நாளும் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். அந்த ஈரம் காய்வதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவன் துடித்தான். மாதாகோவிலில் ஞானஸ்நானம் வாங்கிக் கல்யாணமும் கட்டிக்கொண்டால் அப்புறம் எந்த எஜமானும் பிரிக்க முடியாது என்று லண்டனில் கறுப்பர்கள் எல்லோரும் நம்பினார்கள். சட்டம் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. நம்புவதற்கு வேறென்ன இருந்தது அவர்களுக்கு?

"கேக்காதய்யா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை இது," என்றாள் டார்க்கஸ்.

"நீ அவங்க கண்ணப் பாக்கல."

"நான் தினமும் கண்ணாடியில பாக்கறேன்."

அவள் பேச்சை அவன் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நாடகம் முடிந்து சீமாட்டி வண்டியில் ஏறும்போது சேற்றிலேயே மண்டியிட்டான். "அம்மா, எனக்கும் டார்க்கஸுக்கும் கல்யாணம் கட்டிக்க உத்தரவு கொடுக்கணும்."

"ஐயோ, அச்சு அசல் நாடகத்துல வர்ற மாதிரியே!" சீமாட்டி விசிறியால் அவன் கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். அவன் அன்றிரவு தூங்கவில்லை. அத்தனை சந்தோஷம், பாவம்.

மறுநாளும் இடம் பிடிக்க அனுப்பினாள். மணி ஒன்றரை இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு வேலைக்காரன் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னான்: "உங்க டார்க்கஸ வண்டியில ஏத்திட்டுப் போனாங்களே. வாப்பிங் துறைக்காம். பார்படோஸ் கப்பல் மூணு மணிக்கு, ஆத்துத் தண்ணி வடியிறப்போ கிளம்புது. கல்யாணம், ஞானஸ்நானம்னு வீட்டுல பேச்சு வந்துட்டா இப்படித்தான் உடனே அனுப்பிடுவாங்க. யாருடா அந்தப் பேச்ச எடுத்த முட்டாள்?"

டைட்டஸ் எழுந்தான். சீமாட்டி அவனை விலைக்கு வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் இடத்தை விட்டு எழாதவன், எழுந்து ஓடினான்.

ஆற்றங்கரையில் படகுக்காரன் அவன் கழுத்து வெள்ளிப் பட்டையைப் பிடித்து இழுத்து, அதில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். "வெதர்பி வீட்டுச் சரக்கா? போடா போ. உன்னத் தனியா ஏத்தினா, ஓடிப்போக ஒத்தாசை பண்ணேன்னு என்னத்தான் உள்ள தள்ளுவாங்க." அடுத்தவனும் அதையே சொன்னான். நடந்தும் ஓடியும் டைட்டஸ் வாப்பிங் போய்ச் சேர்ந்தபோது, துறையில் தாரும் மீனும் நாறின. கப்பல் வளைவு தாண்டிவிட்டது. பாய்மர நுனிகூடத் தெரியவில்லை. வாய் திறந்து கேட்டானே, அந்த வாயையே அவன் அடித்துக்கொண்டான்.

கழுத்தில் பேர் எழுதியவன் எங்கே போவான்? திரும்பி வந்தான். மேல்மாடத்தில் வேலைக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கீழே கோப்பை கை மாறிக்கொண்டிருந்தது, சனம் முழுக்க விசும்பியது. சீமாட்டியின் இடத்தில் ஒரு தடித்த வியாபாரி உட்கார்ந்திருந்தான். அவள் தூண் ஓரமாக நின்றிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்தப் பாக்க விடாமப் பண்ணிட்டியேடா பாவி! அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு ஒண்ணுமே தெரியல எனக்கு!" நிஜமாகவே அவள் கண் கலங்கியிருந்தது. "உன்னையும் கப்பல் ஏத்தினாத்தான் சரிப்படும்."

டைட்டஸின் முகம் மலர்ந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. "ஏத்துங்கம்மா," என்றான்.

சீமாட்டி அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நாலு நாளாக நாடகத்தில் காதலர் முகங்களைப் பார்த்துத் தேறியவள் அவள்.

"பார்படோஸுக்கு இல்லடா," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். "ஜமைக்காவுக்கு."