இருபத்தொரு பிள்ளையார்

திண்டிவனம் சக்கரபாணி முதலாளிக்கு மளிகைச் சீட்டானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, மேலே பிள்ளையார் சுழி போடாமல் பேனா ஓடாது. கல் சிலைகளை வெளிநாட்டுக் கோயில்களுக்கு ஏற்றுமதி செய்கிறவர். 1989இல் விழுப்புரம் கூட்ஸ் ஷெட் பக்கம் புதிதாகத் திறந்த சுங்க ஆபீஸ் அவர் தலையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டது. சரக்கு விவரத்தை இனிமேல் காகிதத்தில் வாங்கமாட்டார்களாம். கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃப்ளாப்பியில்தான் தரவேண்டுமாம்.

முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதைத் தட்டுவதற்குக் கிருஷ்ணவேணியை வேலைக்கு வைத்தார். அந்த வேலை அவளுக்கு உயிர். "வேல போச்சின்னா மறுநாளே கண்ணாலம்" என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை, லாரி ஆபீஸில் பட்டப்பகலில் குறட்டை விடும் அத்தை மகன். 

முதல் சரக்கு பினாங்குக் கோயிலுக்குப் போகிற ஒரே ஒரு கல் பிள்ளையார். திரையின் முதல் கட்டம் எண்ணிக்கையைக் கேட்டது. வேணி ஒன்றைத் தட்டப் போனாள்.

"ஏம்மா, சுழி எங்க?"

"இதுல தமிழ் எழுத்தே இல்ல மொதலாளி."

முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சாவிகளின் மேல் குனிந்தார். முகம் மலர்ந்தது.

"இந்தா இருக்காரே!"

"அது ரெண்டு மொதலாளி."

"மேல வளைஞ்சிக்கினு, கீழ கோடு இழுத்துக்கினு, அசல் சுழிம்மா! பக்தியில்லாத கண்ணுக்குத்தான் அது ரெண்டு."

தம் கையாலேயே அழுத்திவிட்டார். அடுத்து வேணி ஒன்றைத் தட்டினாள். முன்னால் நின்ற இரண்டை அழிக்க விரலை நீட்டினாள். "சாமியையா அழிக்கிற?" என்று கையைத் தடுத்தார். வேலை வேண்டுமே! அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

மறுநாள் பிள்ளையாரும் முதலாளியும் லாரியில் விழுப்புரம் போனார்கள். ஃப்ளாப்பி மஞ்சப்பையில், வேணி மடியில், பஸ்ஸில் போனது. சுங்க அதிகாரி சவுரிராயன் திரையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. மீதி இருபது பிள்ளையார் எங்க?"

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டென்று வேணியைக் கை காட்டினார். "இந்தப் பொண்ணு தப்பா தட்டிட்டா சார். இன்னியோட இவள நிறுத்திடறேன்."

வேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா! "திருத்திக்கலாமே சார்?" என்றாள்.

"காகிதம்னா அடிச்சித் திருத்தலாம். கம்ப்யூட்டர்ல ஏறினா ஏறினதுதான். இருபதையும் காட்டுங்க, இல்லன்னா செல கடத்தல்னு போலீசுக்குப் போன் போடுவேன்."

சிலையை வழியனுப்பும் பூஜைக்காக முதலாளி கொண்டுவந்திருந்த பை மேஜையடியில் இருந்தது. வேணி அதிலிருந்து மஞ்சள் தூளை எடுத்தாள். ஆபீஸ் பானையில் தண்ணீர் மொண்டு, அதிகாரி மேஜையிலேயே பிசைந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து வரிசையாக வைத்தாள். தலைக்கொரு அருகம்புல்லும் செருகினாள்.

"இன்னாம்மா இது, மஞ்ச உருண்ட?"

"பிள்ளையாரு சார். இருபது."

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். என்னை ஏமாத்தறியா? யோவ் முத்துசாமி!"

டீயோடு உள்ளே வந்த பியூன் முத்துசாமி மேஜையைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். செருப்பை வாசலில் உதறிவிட்டு வந்து, காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டார்.

"யோவ், இது பிள்ளையாரா இல்லையா?"

"இன்னா சார் இப்டி கேட்டுப்புட்டீங்க! கன்னத்துல போட்டுக்கோங்க!" என்றார் முத்துசாமி, தோப்புக்கரணத்தை நிறுத்தாமலே.

சவுரிராயன் எண்ணினார். "கல்லு ஒண்ணு, மஞ்ச இருபது. சரியா இருக்கு." முத்திரை விழுந்தது. பினாங்குக்கு இருபத்தொருவரும் கப்பலேறினார்கள்.

மறுநாள் காலை முதலாளி வேணியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நேத்து சொன்னத மனசுல வச்சிக்காதம்மா. உக்காரு. புது ஆர்டர் வந்திருக்கு. மேல சுழியப் போடு."

"சுழி வேணாம் மொதலாளி. ஆளே வந்து உக்காந்துக்கினு இருக்காரு பாருங்க."

கம்ப்யூட்டரின் தலைமேல், அருகம்புல்லோடு ஒரு மஞ்சள் பிள்ளையார்.

முதலாளி பதறிப்போய்த் துண்டை இடுப்பில் கட்டினார். இரண்டு கையாலும் தம் தலையில் நங்கு நங்கென்று குட்டிக்கொண்டார்.

வேணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பலமா, மொதலாளி" என்றாள்.