எறக்கியாச்சா?

மச்சானுடைய குட்டி விமானத்தில் ஏறினால் என் பேரையே மாற்றிக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். கடைசியில் ஏறினேன். அவரைத் தனியாக அனுப்ப அவளுக்குப் பயம். அவள் பயத்துக்கெல்லாம் பலியாடு நான்தான். முட்டிக்கு முட்டி இடிக்கிற அந்தத் தகர டப்பாவுக்கு ஒரே கதவு, அதுவும் என் பக்கம். நான் இறங்காமல் மச்சான் இறங்க முடியாது.

யாரையாவது ஏவாவிட்டால் மச்சானுக்குக் கை ஓடாது. சீட்டுகளுக்கு நடுவே கார் கைப்பிரேக் மாதிரி ஒன்று இருக்கிறது. அதை இழுத்தால் இறக்கையின் பின்பக்க மடல்கள் இறங்கி வேகம் குறையும். பக்கத்திலேயே இன்னொரு குமிழ். அது உள்ளே மடங்கியிருக்கும் சக்கரங்களை இறக்கும். இரண்டையும் என் தலையில் கட்டினார்.

ஓடுதளம் நேரே தெரிந்ததும், "எறக்கியாச்சா மாப்ள?" என்றார்.

நான் அப்போதுதான் மடலை இறக்கியிருந்தேன். "எறக்கியாச்சு மச்சான்."

அவர் கேட்டது சக்கரத்தை. ஏதோ ஒன்று பீப் பீப்பென்று அலறியது. வேகம் குறைந்தால் அப்படித்தான் கத்தும், நீ சும்மா இரு என்றார். பெரிய மேதாவி.

வயிறு தரையில் உராய, ஓடுதளத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு மண்மேட்டில் மூக்கை முட்டி நின்றோம். எனக்கு ஒன்றும் இல்லை. மச்சானுடைய இடது கால் நசுங்கிய பெடல்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. தோளால் இடித்தேன். சட்டமே கோணிப்போயிருந்தது. பெட்ரோல் நாற்றம் மூக்கில் ஏறியது.

"நீ போயிடு மாப்ள," என்றார்.

கதவே திறக்கவில்லை, எங்கே போவது என்று எரிந்து விழுந்தேன். விமானம் வாங்கியதிலிருந்து தொடங்கி அவரைத் திட்டித் தீர்த்தேன்.

ஓடுதளத்து ஓரக் கொட்டகையில் எங்களுக்காகக் காத்திருந்த அக்கா தீயணைப்பு உருளையோடு ஓடிவந்தாள். இறக்கைமேல் ஏறி வெளியிலிருந்து இழுத்தாள், நான் இரண்டு காலாலும் உதைத்தேன். கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. அதற்குள் முன்பக்கம் புகை. அவள் அங்கே போய் வெள்ளைப் பொடியைப் பீய்ச்சினாள், ஆளே தெரியவில்லை. நான் மச்சானை அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். இடுப்புவரை வந்தார்.

புகைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்: "எறக்கியாச்சா?"

எறக்கியாச்சு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் பீய்ச்சுவதை நிறுத்திவிடுவாள். அதை விழுங்கினேன்.

"எதைக்கா?"

"எதையா? என் புருஷனைடா, பாவி."

"ஒரு கால் இன்னும் உள்ள இருக்கு. நிறுத்தாத."

மச்சான் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். "இந்த ‘எதை’யை அப்பவே கேட்டிருக்கக் கூடாதா?" என்று முனகினார். நான் தலைகீழாக உள்ளே நுழைந்து அவருடைய ஷூ கயிற்றைத் தடவித் தேடினேன். முடிச்சு அவிழ்ந்ததும் ஷூவை அங்கேயே விட்டுவிட்டுக் கால் மட்டும் வந்தது.

கீழே கிடத்தி, இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுத்தேன்.

"மச்சானை எறக்கியாச்சுக்கா. ரெண்டு காலும் இருக்கு. வா, போயிடலாம்."