சாவி தீபாவின் இடுப்பில்

டீசல் காரின் டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்றி முடித்த சதீஷ், கையைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கேட்டான். விடிந்தால் சேத்துப்பட்டில் தங்கைக்கு வளைகாப்பு. சீரெல்லாம் இந்தக் காரில்தான் போயாக வேண்டும்.

சாவியை மனைவி தீபா இடுப்பில் செருகியிருந்தாள்.

“முதல்ல இன்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்திக் காட்டுங்க.”

“இன்னா பேஜாரு! வீடியோ பார்த்துகினுதானே மாட்டினேன்?”

“புதுப் பாவு ஏத்தினா, தறியை நாலு மிதி மிதிச்சுப் பார்க்காம புடவையை ஆரம்பிப்பீங்களா? ஒரு பல்லு தள்ளினாலும் இன்ஜின் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

முணுமுணுத்தபடி ஸ்பேனரைப் போட்டுச் சுற்றினான். பழைய பெல்ட்டைக் கழற்றும்முன் தீபா பெல்ட் ஓடும் இரண்டு பல் சக்கரங்களிலும், அவற்றுக்கு நேரே இன்ஜின் மேலும் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தாள். கீழ்ச் சக்கரத்தின் புள்ளி நேராக வந்து நின்றது. மேல் சக்கரத்துடையது ஒரு பல் தள்ளி நின்றது.

சதீஷ் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “தீபா... டீ இருக்குதா?”

“இருக்குது. புள்ளி நேரா வரட்டும், ஊத்தறேன்.”

மறுபடி கழற்றி மாட்டிச் சுற்றியதில் இரண்டும் நேராக வந்தன. டீயோடு சாவியும் வந்தது. வண்டி ஒரே திருப்பில் உறுமியது.

“நாளைக்கு யாராவது கேட்டா, நானே மாட்டினேன்னு சொல்லுவேன்.”

“தாராளமா சொல்லுங்க. நெயில் பாலிஷ் யாருதுன்னு நான் சொல்லிக்கிறேன்.”