முதலில் பத்து வோல்ட்

பேராசிரியர் என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. "இந்த எண்ணெல்லாம் எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நேராகவே திட்டியிருக்கலாம்.

கண்ணாடித் துண்டின் மேல் தங்க நானோதுகள்களை மெல்லிய படலமாகப் படியவைத்து, அதன் மின்தடையை அளப்பது என் ஆராய்ச்சி. போன மாதம் ஒரே நாளில் ஏழு படலங்களை அளந்தேன். ஏழும் சொல்லிவைத்தாற்போல் இருபது மெகா ஓம் காட்டின. அதன்பின் யார் அளந்தாலும், நானே அளந்தாலும், ஆளுக்கொரு எண். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு ரத்தாகும்.

"தப்பா எழுதிட்டேன்னு சொல்லி படிப்பக் காப்பாத்திக்கடி. ரோஷத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?" என்றாள் அக்கா, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே.

அந்தக் குட்டியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஏழு படலங்களை அளந்த அன்று அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. அதனால் ஒரு வேலையை விட்டுவிட்டேன். எதை அளந்தாலும் முதலில் பத்து வோல்ட் கொடுத்து, இணைப்பு சரியா என்று பார்ப்பது எங்கள் ஆய்வக விதி. பேராசிரியர் தடித்த தகடுகளோடு மல்லுக்கட்டிய காலத்தில் போட்டது. பல் தேய்ப்பதுபோல எல்லோரும் யோசிக்காமல் செய்வோம்.

வெள்ளிக்கிழமை அவர் முன்னால் நின்றேன்.

"சார், அன்னைக்கு நான் பத்து வோல்ட் குடுக்கல. நேரமில்லன்னு விட்டுட்டேன்."

"வேலையிலயும் ஏமாத்தினியா?"

"ஆமா சார். அதனாலதான் அந்த எண்ணு சரி."

புதுப் படலம் ஒன்றை அரை வோல்ட்டில் அளந்து காட்டினேன். இருபது மெகா ஓம். "இப்ப நீங்களே பத்து வோல்ட் குடுங்க சார்." கொடுத்தார். மறுபடி அரை வோல்ட்டில் அளந்தேன். முந்நூறு ஓம். துகள்கள் அங்கங்கே உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. சோதிக்கிறோம் பேர்வழி என்று ஒவ்வொரு படலத்தையும் ஒவ்வொரு விதமாக நாங்களே கெடுத்துக்கொண்டிருந்தோம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார். "உனக்கு முன்னாடி இதே ஆராய்ச்சிய ஒருத்தர் செஞ்சார். எண்ணு நிக்கலன்னு நான்தான் வெளிய அனுப்பினேன்."



செல்போனை எடுத்துத் தேடினார். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினார். மூன்றாவது முறை கிடைத்தது.

"தம்பி, நான்தான் பேசறேன். உன் படலம் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. திரும்பி வர்றியா?"